பென்சில் பேர்கள்

என் கையெழுத்து அழகாக இருக்கும். இதைச் சொல்லும்போது கூச்சப்பட வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. எங்கள் வீட்டில் எனக்கு முன்னால் யாருமே எழுதியதில்லை. அப்பா சாகும்வரை கைநாட்டு. அம்மா இன்றைக்கும் கைநாட்டு. நான் வேதியியல் பட்டதாரி. சாத்தூர்ப் பக்கத்து எங்கள் ஊரிலிருந்து விருதுநகருக்கு மூன்று வருடம் பஸ்ஸில் நின்றுகொண்டே போய் வாங்கிய பட்டம்.

படிப்பு முடிந்ததும் ஊருக்கு வெளியே இருக்கும் பயராபீசில் வேலை கிடைத்தது. பட்டாசு ஆலையை எங்கள் பக்கம் ஆலை என்று சொல்ல மாட்டோம், பயராபீஸ்தான். வாசலை ஒட்டி, போர்மேன் உட்காரும் சின்ன அறையில் எனக்கு ஒரு நாற்காலி, தலைக்கு மேல் ஃபேன், முன்னால் வருகைப் பதிவேடு. அதே ஆலையில்தான் அம்மா பதினெட்டு வருடமாக வேலை பார்த்தாள். சாயங்காலம் அவள் கையும் கழுத்தும் அலுமினியப் பவுடரில் வெள்ளி பூசியது போல மின்னும். என் நகம் சுத்தமாக இருக்கும். வீட்டுக்கு நடந்து போகையில் அவள் என் கையைப் பிடிக்க மாட்டாள். ஒட்டிக்கொள்ளுமாம்.

போர்மேன் எங்கள் சபைக்காரர். கமிட்டியில் இருப்பவர், ஞாயிற்றுக்கிழமை காணிக்கைப் பை எடுப்பவர். எனக்கு இந்த வேலையை வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான். நான் அவரை அண்ணாச்சி என்பேன், அவர் என்னைப் பாப்பா என்பார். முதல் நாள் ஒரு பேனாவும் ஒரு பென்சிலும் ஒரு ரப்பரும் மேசையில் வைத்தார்.

"ரூமுக்கு நாலு பேரு, அம்புட்டுத்தான் சட்டம். அந்த நாலு பேரப் பேனாவுல எழுது பாப்பா. மிச்ச ஆளுகளக் கடைசிப் பக்கத்துல பென்சில்ல எழுது. சாயங்காலம் ஆளுக போனதும் அழிச்சிரு."

ஒவ்வொரு அறையின் சுவரிலும் 'ஆட்கள் 4' என்று சிவப்புப் பெயிண்டில் இருக்கும். சீசன் நேரத்தில் நாலு நாலு பேரை வைத்துக்கொண்டு ஆர்டரை முடிக்க முடியாது. மிச்சப் பேர் அறைகளுக்குப் பின்னால் இரண்டு வேப்பமரங்களின் அடியில் சாக்கை விரித்து உட்கார்ந்து புஸ்வாணத்துக்குத் திரி வைப்பார்கள். திறந்த வெளியில், வெயிலில், மருந்து நிரப்பிய சரக்கை வைத்து வேலை பார்க்கக் கூடாது என்று எனக்குத் தெரியும். உராய்ந்தால் என்ன நடக்கும் என்று சமன்பாடாகவே எழுதிக் காட்டுவேன். எழுதிக் காட்டச் சொல்லி யாரும் கேட்கவில்லை, நானும் காட்டவில்லை.

ஆபீசுக்குள் நாங்கள் இரண்டு பேர் மட்டும் அவர்களைப் பென்சில் பேர்கள் என்போம்.

"இன்னைக்குப் பென்சில் எத்தன?"

"ஏழு, அண்ணாச்சி."

மரத்தடியில் இருந்தவர்களுக்கு இந்தச் சொல் தெரியாது. அந்த ஏழில் மூன்றாவது பேர் என் அம்மாவுடையது. மூச்சிரைப்பு வந்த பிறகு அறைக்குள் உட்கார முடியாமல் அவளாகவே மரத்தடிக்குப் போயிருந்தாள். ஒருநாள் காலை ஆபீஸ் வாசலில் வந்து நின்றாள்.

"ஏத்தா, எம் பேரு எங்கன இருக்கு, காட்டு."

கடைசிப் பக்கத்தைத் திருப்பி மூன்றாவது வரியைக் காட்டினேன். கையைச் சேலையில் நன்றாகத் துடைத்துவிட்டு ஒரு விரலால் தொட்டாள். "எம்புட்டு அழகா இருக்கு" என்றாள். அன்றிலிருந்து தெருவில் அதே பேச்சு. "எம் பேரு தினமும் கம்பெனி நோட்டுல ஏறுது, எம் மக கையால." அன்று சாயங்காலமும் நான் அதை அழித்தேன். அழிப்பதும் எனக்கு நன்றாக வரும். ரப்பரை ஒரே திசையில் தேய்த்தால் தாள் கசங்காது.

நான் திடப்படுத்தல் வாங்கியவள். பதினைந்து வயதில், வெள்ளைத் தாவணி போட்டு, பிஷப் தலையில் கை வைத்துக் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் சத்தமாகப் பதில் சொன்னவள். சீஷத்துவத்தின், அதாவது இயேசுவைப் பின்பற்றுவதன், விலை என்ன என்று வகுப்பில் கேட்டபோது எழுதிய பதிலுக்குப் பரிசும் வாங்கியிருக்கிறேன். ஊரில் முதல் பட்டதாரிப் பெண் என்பதால் பக்கத்துச் சபைகளின் வாலிபர் கூட்டங்களுக்கெல்லாம் சாட்சி சொல்லக் கூப்பிடுவார்கள். ஆண்டவர் என்னைப் புழுதியிலிருந்து தூக்கினார் என்று சொல்வேன். புழுதி என்னும்போது அம்மாவைத்தான் காட்டுகிறேன் என்பது எனக்கு உறைத்ததில்லை.

போன ஆடி மாதத்தில் ஒரு வியாழக்கிழமை.

பக்கத்து வீட்டு அத்தை அன்றைக்கு ஆபீஸ் ஜன்னலில் தலையை நீட்டினாள். அந்த ஏழு பேரில் அவளும் ஒருத்தி. சொந்த அத்தை இல்லை. நாங்கள் சபைக்குப் போகிறவர்கள், அவர்கள் இருக்கங்குடி மாரியம்மனைக் கும்பிடுகிறவர்கள். இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒற்றைச் சுவர். நான் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியதிலிருந்து அவள் என்னைக் கூப்பிடுவது டீச்சரு என்றுதான்.

"ஏ டீச்சரு, நாளைக்கு என் பேர எழுதிராத. கடேசி வெள்ளி. ஆத்தாகிட்டப் போறேன்."

"லீவு சொல்லணும்னா அண்ணாச்சிகிட்டச் சொல்லுங்கத்த."

"அவருகிட்டச் சொன்னா ஞானஸ்நானம் எடுக்கச் சொல்லுவாரு. நீ எழுதாம விடு, அது போதும்."

சிரித்துக்கொண்டே மரத்தடிக்குப் போனாள்.

பகல் பதினொன்றரை இருக்கும். வெடிச் சத்தம் இல்லை. பெரிய தார்ப்பாயை ஒரே இழுப்பில் கிழித்தது போல ஒரு சத்தம், அதன் பின்னால் வெள்ளை வெளிச்சம். நான் எழுந்து ஓடினேன். அம்மா தண்ணீர்த் தொட்டியருகே செம்போடு நின்றுகொண்டிருந்தாள், அவளுக்கு ஒன்றும் இல்லை. மற்ற ஐந்து பேரும் முள்வேலிப் பக்கம் ஓடியிருந்தார்கள். அத்தை மட்டும் சாக்கின் மேலேயே உட்கார்ந்திருந்தாள். இரண்டு கையையும் முன்னால் நீட்டி, அது யாருடைய கை என்று பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தை நான் இங்கே எழுதப் போவதில்லை.

கம்பெனி வேனில் அவளை ஏற்றினார்கள். வேன் வாசலைத் தாண்டும் முன்பே அண்ணாச்சி ஆபீசுக்குள் வந்தார். சட்டை முழுக்கச் சாம்பல்.

"பாப்பா, கடைசிப் பக்கம்."

அவ்வளவுதான் சொன்னார். நான் உட்கார்ந்தேன். ரப்பரை எடுத்தேன். ஜன்னல் வழியாகப் புகை உள்ளே வந்தது. ஒரே திசையில் தேய்த்தேன், தாள் கசங்கவில்லை. அவள் பேர் ஐந்தாவது வரி. தூளை வாயால் ஊதிவிட்டேன்.

கொஞ்ச நேரத்தில் போலீசும் அதிகாரிகளும் வந்தார்கள். ஒருவர் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு அத்தையின் பேரைச் சொல்லி, "இப்படி ஒரு ஆள் இங்க வேலை பாக்குதா?" என்றார்.

"அப்படி ஒரு பேரு இதுல இல்ல சார்."

ஒவ்வொரு சொல்லும் உண்மைதான். உண்மையான சொற்களாலேயே பொய் சொல்லுமளவுக்கு நான் படித்திருந்தேன்.

மூன்று நாள் கழித்துத்தான் அந்தப் பதில் எங்கே போய் நிற்கிறது என்று தெரிந்தது. அத்தை கம்பெனி ஆள் இல்லை, ஆலைக்குப் பின்னால் காட்டுக்குள் உட்கார்ந்து திருட்டுத்தனமாகப் பட்டாசு செய்துகொண்டிருந்தாள் என்று கம்பெனி எழுதிக் கொடுத்திருந்தது. போலீஸ் அவள் மேலேயே கேஸ் போட்டது. மதுரை ஆஸ்பத்திரியில் கண்கூடத் திறக்காமல் கிடந்தவள் மேல். அவள் புருஷனைச் சரக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்டு இரண்டு தடவை ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போனார்கள். அவர் திரும்பி வந்து எங்கள் வீட்டுச் சுவரை ஒட்டித்தான் உட்கார்ந்திருந்தார். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை என்றிருந்தது.

அம்மா அவரிடம் போய்ச் சொன்னாள், "கவலப்படாதீக அண்ணே. எம் மகதான் நோட்டுல பேரு எழுதிருக்கால்ல. அதக் காட்டுனா கேசு நிக்குமா?"

நான் உள்ளே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

அடுத்த ஞாயிறு திருவிருந்து. சபை வாட்ஸப் குழுவில் ஆலைக்காக உபவாச ஜெபம் என்று போட்டிருந்தார்கள். ஆலை மூடிவிடக் கூடாது என்று ஜெபித்தோம். அத்தைக்காகவும் ஒரு வரி ஜெபித்தார்கள், பேர் சொல்லாமல். என் வரிசை எழுந்தபோது நான் எழவில்லை.

அம்மா திரும்பிப் பார்த்தாள். "ஏன், மேலுக்கு முடியலயா?"

"ஆமா."

அதுவும் ஒரு பொய். அப்பமும் திராட்சரசமும் வாங்க மற்றவர்கள் என்னைத் தாண்டிப் போனார்கள். அண்ணாச்சி முன்வரிசையில் முழந்தாளிட்டு இரண்டு கையையும் ஏந்தி வாங்கினார். எனக்கு அவர் மேல் கோபம் வரவில்லை. அவர் கையால் எதையும் அழிக்கவில்லை. சிலுவை சுமப்பது பற்றி நான் எத்தனையோ கூட்டங்களில் பேசியிருக்கிறேன், பெரிய பெரிய துன்பங்களைச் சொல்லி. என்னிடம் வந்தபோது அது இரண்டு விரல் அகல ரப்பராக வந்தது. எடுக்காமல் இருந்திருக்கலாம். எடுத்தேன்.

மறு வாரம் தலையாரி ஒரு கடிதம் கொண்டுவந்தார். விருதுநகரில் விசாரணை, பதிவேடு எழுதியவர் என்ற முறையில் நான் வர வேண்டும். அம்மா அடுப்படியிலிருந்து கேட்டாள்.

"என்ன தாயி அது?"

"சாட்சி சொல்லக் கூப்பிட்டிருக்காக. விருதுநகருக்கு."

எங்கள் வீட்டில் சாட்சி என்றால் ஒரே அர்த்தம்தான். அம்மாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. அம்புட்டுப் பெரிய ஊரில், எந்தச் சபை, எத்தனை பேர் வருவார்கள் என்று கேட்டாள். திருத்தியிருக்க வேண்டும். திருத்தினால் அடுத்து, அங்கே என்ன சொல்லப் போகிறாய் என்று கேட்பாள். கடிதத்தை மடித்து வைத்தேன். சாயங்காலத்துக்குள் குழாயடி, கடை, சபை வாசல் எல்லா இடத்திலும் சொல்லிவிட்டாள். "எம் மகள விருதுநகர்ல சாட்சி சொல்லக் கூப்புட்டுருக்காக." பெண்கள் சந்தோஷப்பட்டார்கள். எந்தச் சாட்சி என்று அண்ணாச்சிக்கு மட்டும் உடனே புரிந்திருக்கும்.

இருட்டுவதற்கு முன்பே எங்கள் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினார்.

"வாங்க அண்ணாச்சி. சாப்பிட்டீகளா? எம் மக சங்கதி கேள்விப்பட்டீகளா?" அம்மா சேரைத் துடைத்துப் போட்டாள்.

அவர் உட்காரவில்லை. "கேள்விப்பட்டேன். ஊருக்கே சொல்லிட்டீகளே. இது ஜெபக் கூட்டம் இல்லம்மா. கலெக்டர் ஆபீஸ் விசாரணை. பயராபீஸ் கேசு."

அம்மாவின் கை சேரின் முதுகில் அப்படியே நின்றது. என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

"பாப்பா, புதுசா ஒண்ணும் சொல்ல வேணாம்" என்றார். "அன்னைக்குப் போலீஸ்கிட்டச் சொன்னதத் திருப்பிச் சொல்லு. நோட்டுல பேரு இல்ல. அது உண்மதான? பேரு இல்லதான?"

"அத்த மேல கேஸ் இருக்கு அண்ணாச்சி."

"அது ஆறு மாசத்துல ஒண்ணுமில்லாமப் போயிரும். நீ மாத்திச் சொன்னேன்னு வையி, நாளைக்கே சீல் வைப்பான். தீபாவளிக்கு இன்னும் மூணு மாசம்கூட இல்ல. நம்ம சபையில எத்தன அடுப்பு இந்தப் பயராபீச நம்பி எரியுது? எண்ணிப் பாத்தியா? அவுக பிள்ளைகளும் உன்ன மாதிரிப் படிக்கணுமில்ல?"

அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. அதுதான் என்னை வாட்டியது. பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"அப்புறம் இன்னொண்ணு. அழிச்சது யாரு கை? நான் வாயாலதான் சொன்னேன், அதுக்கு எழுத்துக் கிடையாது. குரூப் எக்ஸாமுக்குப் படிச்சிக்கிட்டிருக்க. கேசு ஒண்ணு பேர்ல விழுந்தா கவர்மெண்ட் வேலைய மறந்துர வேண்டியதுதான். நான் மிரட்டல பாப்பா. உன் நல்லதுக்குச் சொல்றேன். நானும் வேதம் வாசிக்கிறவன்தான்."

'அழிச்சது' என்ற சொல்லில் அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். அம்மாவுக்கு அது விழுந்ததா என்று தெரியவில்லை. அவர் போன பிறகு அம்மா மரப்பெட்டியைத் திறந்து, திருவிருந்துக்கு மட்டும் கட்டும் வெள்ளைச் சேலையை எடுத்து விரித்துத் தேய்க்க ஆரம்பித்தாள்.

"எதுக்கும்மா அது? அது சபை இல்லையே."

"சாட்சின்னா சாட்சிதான். ஆபீசுல சொன்னா வேற சாமியா கேக்கும்?" இஸ்திரிப் பெட்டியை அழுத்தித் தேய்த்தாள். "நீ பயப்படாத. நோட்ட எடுத்துக் காட்டு. நீ எழுதுனது இருக்குல்ல."

அந்த நேரத்திலாவது சொல்லியிருக்கலாம். அவள் தேய்த்த மடிப்பு அவ்வளவு நேராக இருந்தது. சொல்லவில்லை.

அந்தச் சேலையைக் கட்டிக்கொண்டு அம்மாவும் என்னோடு வந்தாள். விருதுநகர் பஸ்ஸில் ஒரு மணி நேரம் இரண்டு பதில்களையும் மனதுக்குள் மாற்றி மாற்றிச் சொல்லிப் பார்த்தேன். முதல் பதில் ஒரே வரி. இரண்டாவது பதில் எங்கே ஆரம்பித்தாலும் ரப்பரில் வந்து முட்டியது. பஜார் வழியாகப் பஸ் போனபோது மிளகாய் நெடி மூக்கில் ஏற, எல்லாரும் தும்மினார்கள். அம்மாவுக்கு இரைப்பு வந்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, "எறங்குனதும் சரியாப் போயிரும்" என்றாள்.

விசாரணை அறையில் ஒரு பெண் அதிகாரி இருந்தார். மூக்குக் கண்ணாடி, களைத்த முகம். மேசையில் எங்கள் பதிவேடு. அண்ணாச்சி தமது விசாரணை முடிந்து வராந்தாவில் உட்கார்ந்திருந்தார். அம்மாவை யாரும் உள்ளே விடவில்லை, தடுக்கவும் இல்லை. வெள்ளைச் சேலையோடு வாசற்படியில் நின்றுகொண்டாள்.

"இது உங்க கையெழுத்துதானா?"

"ஆமா மேடம்."

"அழகா இருக்கு." பக்கங்களைப் புரட்டினார். பிறகு போலீசிடம் நான் சொன்னதை வாசித்தார். பதிவேட்டில் அப்படி ஒரு பெயர் இல்லை. "சரிதானே? மாத்தம் ஏதும் இல்லைன்னா இதுல கையெழுத்துப் போடுங்க."

பேனாவை நீட்டினார். வாங்கிக்கொண்டேன். என் பெயரின் முதல் எழுத்தைப் போட வேண்டியதுதான், நான் வீட்டுக்குப் போய்விடலாம். ஜெபிக்க நினைத்தேன், ஒரு வார்த்தையும் வரவில்லை. மனப்பாடமாக இருந்த ஜெபங்கள்கூட.

"நோட்டுல இருக்கும்மா" என்றாள் அம்மா வாசலிலிருந்து.

அதிகாரி நிமிர்ந்தார். "யாரு இவுங்க?"

"எங்கம்மா."

"நானும் அங்கனதான் வேல பாக்கேம்மா. அவளும் நானும் ஒரே சாக்குலதான் உக்காந்திருப்போம். எங்க பேரு கடேசிப் பக்கத்துல இருக்கும். எம் மகதான் எழுதுவா. இருங்க, நான் காட்டுதேன்." அவளாகவே உள்ளே வந்துவிட்டாள். கையைச் சேலையில் துடைத்தாள், அன்றைக்குச் செய்தது போலவே, கையில் ஒன்றும் இல்லாதபோதும். பதிவேட்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்பி மூன்றாவது வரியில் விரலை வைத்தாள்.

வெறும் தாள்.

விரல் அந்த வரியில் இடமிருந்து வலமாக மெதுவாகப் போனது. கீழ் வரிக்குப் போனது. திரும்ப மேலே வந்தது. எழுத்துத் தெரியாதவளுக்கு வெள்ளைத் தாள் தெரியாதா? என்னைப் பார்த்தாள். அண்ணாச்சி வீட்டு வாசலில் சொன்ன சொல் அப்போதுதான் அவளுக்குள் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். நான் அவள் கண்ணைப் பார்த்தேன், அதற்கு மேல் பார்க்க முடியவில்லை.

அம்மா நோட்டை மூடினாள்.

"இது வேற நோட்டும்மா" என்றாள் அதிகாரியிடம். குரல் தடுமாறவில்லை. "நான் படிக்காதவ. தெரியாமச் சொல்லிட்டேன். எம் மக எழுதுனது வேற நோட்டு போல. நீ கையெழுத்துப் போடு தாயி. போட்டுட்டு வா, போவோம்."

சாட்சி சொல்வதற்கென்று தேய்த்துக் கட்டிய சேலையோடு, என் பொருட்டுப் பொய் சொல்லிவிட்டு, என்னைக் கூட்டிப் போகக் கை நீட்டி நின்றாள். எனக்கு வழி திறந்திருந்தது. திறந்து விட்டவள் அவள்.

"வேற நோட்டு இல்ல மேடம். இதே நோட்டுதான். நான்தான் அழிச்சேன்."

சொல்லிவிட்ட பிறகு லேசாக இருக்கும் என்று சாட்சிகளில் கேட்டிருக்கிறேன். அப்படி இல்லை. உட்காரலாமா என்று கேட்டேன். அதிகாரி பதிவேட்டை எடுத்து ஜன்னலோரம் போய், கடைசித் தாளைச் சாய்த்துப் பிடித்தார். நான் அழுத்தி எழுதுகிறவள். ரப்பர் கரியைத்தான் எடுத்திருந்தது, பள்ளத்தை எடுக்கவில்லை.

"எத்தனை பேரு?"

"ஏழு."

"யார் அழிக்கச் சொன்னது?"

சொன்னேன். வராந்தாவில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

ஒரு வெள்ளைத் தாளைத் தந்து, நடந்ததை நானே எழுதச் சொன்னார். எழுதினேன். ஏழு பேரையும் வரிசையாக எழுதினேன். மூன்றாவது வரியில் அம்மா பேர், ஐந்தாவது வரியில் அத்தை பேர். பேனாவில். அன்று என் கையெழுத்து நன்றாக இல்லை.

திரும்பி வரும்போது அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். சாத்தூர் தாண்டியது. எங்கள் ஊர் விலக்கில் இறங்கி நடக்கையில்தான் பேசினாள்.

"அன்னைக்கு ஒரு நாளுதான் அழிச்சியா?"

"இல்லம்மா."

"எத்தன நாளு?"

"தினமும்."

"தினமுமா" என்றாள். அது கேள்வி இல்லை. வெள்ளைச் சேலையை அன்றைக்கு மடிக்காமலே கொடியில் போட்டாள்.

நான்காம் நாள் ஆலைக்குச் சீல் வைத்தார்கள். அத்தை மேல் இருந்த கேசை எடுத்தார்கள். என் மேல் ஒன்று விழுந்தது, அண்ணாச்சி மேலும் ஒன்று. தீபாவளிக்கு எங்கள் தெருவில் யாரும் புதுத் துணி எடுக்கவில்லை. சபையின் அசன விருந்தில் எல்லாரையும் போலப் பந்தியில் உட்கார்ந்தோம். எனக்கும் அம்மாவுக்கும் இரண்டு பக்கமும் ஒவ்வொரு இலை காலியாகவே இருந்தது. பரிமாற வந்த பெண் என் இலையில் சோற்றை வைத்துவிட்டு, "படிச்ச பிள்ள, நல்லாத் திங்கட்டும்" என்றாள். தின்றேன். அவள் வீட்டு அடுப்பு எரியாததற்கு நானும் காரணம். இயேசுவைப் பின்பற்றினால் விலை கொடுக்க வேண்டும் என்று பரிசு வாங்கும்படி எழுதினேனே, அந்த விலையை மற்றவர்களும் சேர்ந்து கொடுப்பார்கள் என்று அதில் எழுதவில்லை. எனக்கு அது தெரியாது.

குரூப் தேர்வு விண்ணப்பத்தில் ஒரு கேள்வி உண்டு. உங்கள் மேல் குற்ற வழக்கு நிலுவையில் இருக்கிறதா? ஆம் என்று பதிந்தேன். பிறகு வரும் பதில் அவர்கள் பாடு.

அத்தையைப் பார்க்கக் கார்த்திகையில்தான் போனேன். அதுவரை துணிவு வரவில்லை. அம்மா மட்டும் வாரத்துக்கு ஒரு தடவை மதுரைக்குப் போய்வந்தாள். அன்றைக்கு என்னிடம், "வாரியா?" என்று கேட்டாள். விருதுநகரிலிருந்து வந்த பிறகு அவளாக என்னை ஓர் இடத்துக்குக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

தீக்காய வார்டில் அத்தை சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கைகள் இரண்டும் முழங்கை வரை கட்டு. ஒரு கண் பாதி மூடியிருந்தது. என்னைப் பார்த்ததும் சிரிக்கப் பார்த்தாள், தோல் இழுத்தது.

"வா டீச்சரு. பேர எழுதாம விட்டுறச் சொன்னேன், நீ ஒரேயடியா விட்டுட்டியே."

நான் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"உங்கம்மா சொன்னா. அப்புறமா எழுதிக் குடுத்தியாமே. பேனாவுலயா?"

"பேனாவுலதான், அத்த."

தலையை ஆட்டினாள். கொஞ்ச நேரம் என் கையையே பார்த்தாள், நகங்களை.

"மொத நாளே எழுதிருக்கலாம்ல."

"எழுதிருக்கலாம், அத்த."

அம்மா தூக்குவாளியைத் திறந்து ரசஞ்சோற்றைப் பிசைந்தாள். ஆலை மூடிப் பல வாரம் ஆகியும் அவள் விரல் இடுக்கில் வெள்ளி முழுதாகப் போயிருக்கவில்லை. ஒரு கவளம் உருட்டி அத்தையின் வாயருகே கொண்டுபோனாள். பிறகு என்ன நினைத்தாளோ, தூக்குவாளியை என் பக்கம் நகர்த்தினாள்.

"நீ ஊட்டு" என்றாள்.

கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தேன். அத்தை உடனே வாயைத் திறக்கவில்லை. நான் கவளத்தை ஏந்தியபடி காத்திருந்தேன்.